பிலிம் சுருளும் எங்கள் அப்பாயியும்

(இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

நம் துறைத் தாழ்வாரத்தின் வழியாக ஆய்வகத்திற்குச் செல்லும்போது ஒரு நாளாவது சுவரை நிமிர்ந்து பார்த்ததுண்டா? ஆண்டுதோறும் விடைபெற்றுச் சென்ற மாணவர்களின் குழுப்படங்கள் அங்கே வரிசையாகத் தொங்குகின்றன. 1970-களின் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அகலக் காலர்ச் சட்டையும் காதுக்குக் கீழே இறங்கிய கிருதாவுமாக அண்ணன்மார்கள் நிற்கின்றார்கள். முன்வரிசை நாற்காலிகளில் பேராசிரியப் பெருமக்கள். ஒவ்வொரு முகமும் இன்றும் தெளிவாக இருக்கின்றது; கடைசி வரிசையில் நிற்பவரின் சட்டைப்பையில் எத்தனை பேனா என்றுகூட எண்ணிவிடலாம். 1980-களின் இறுதியில் வண்ணப்படங்கள் தொடங்குகின்றன. அவற்றுள் பல வெளிறிப்போய், சேலையின் நிறம் எது, சுவரின் நிறம் எது என்று பிரித்தறிய முடியாமல் கிடக்கின்றன. 2018-க்குப் பிறகு படமே இல்லை. ஆணிகள் மட்டும் இருக்கின்றன.

"ஏன் சார் அப்புறம் படமே மாட்டல?" என்று ஆய்வக உதவியாளரைக் கேட்டேன்.

"எல்லாரும் போன்லயே எடுத்துக்கிறீங்களேம்மா. செவுத்துல மாட்ட யாரு பிரிண்டு போட்டுக் குடுக்கறா?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் ஒரே மாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்து விழுந்த நாட்கள் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு விளையாட்டு விழாப் படங்களை இந்த மலருக்காகக் கேட்டபோது, "போன் மாத்திட்டேன்", "இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்", "அவகிட்ட இருக்கும் பாரு" என்ற விடைகளே கிடைத்தன. அவளிடமும் இல்லை.

ஆகவே ஒரு கருத்தை இங்கே வாதிட விரும்புகின்றேன். பயணத்தின் நினைவையும் குடும்பத்தின் நினைவையும் வைத்துக் காப்பதற்குச் செல்போனைவிடப் பழைய பிலிம் சுருளே நம்பத்தக்கது என்பதே அது. பழைமை விரும்பி என்று நகைக்க வேண்டா. எனக்கு வயது இருபது. நான் முதன்முதலில் கையில் பிடித்த கேமராவே செல்போன் கேமராதான். இந்தக் கருத்துக்கு நான் ஏட்டைப் படித்து வரவில்லை; ஒரு சாவு வீட்டில் வந்தேன்.

2024 ஐப்பசியில் எங்கள் அப்பாயி காலமானார். அப்பாவைப் பெற்ற தாயை எங்கள் பக்கத்தில் அப்பாயி என்றுதான் அழைப்போம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். என்னை வளர்த்தது அப்பாயிதான். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடம் கேட்பதற்காக அப்பா கடன் வாங்கி ஒரு செல்போன் வாங்கித் தந்தார். அதில் பாடம் கேட்டதைவிட அப்பாயியைப் படம் எடுத்ததே அதிகம். வெற்றிலை இடிக்கும்போது எடுப்பேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது எடுப்பேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே உறங்கும்போது எடுப்பேன். "போதும் விடு சாமி, இந்தக் கெழவிய எத்தனவாட்டி புடிப்ப" என்பார். எண்ணூறு படங்களுக்குக் குறையாது.

2023 மழைக்காலத்தில் ஓர் இரவு அந்தச் செல்போன் அணைந்தது. பிறகு எழவே இல்லை. "போர்டு போயிடுச்சு" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். படங்கள் எல்லாம் தாமாகவே இணையக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். அந்தக் கணக்கில் இலவச இடம் எப்போதோ நிறைந்துவிட்டிருந்தது. அறிவிப்பு பலமுறை வந்திருக்கின்றது; ஒவ்வொரு முறையும் படிக்காமல் விரலால் ஒதுக்கித் தள்ளியவள் நானே. குற்றம் என்னுடையது. பிறரைச் சொல்வதற்கில்லை. அப்பாயிதான் கூட இருக்கின்றாரே, மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். புதுப் போன் வாங்கப் பணமில்லை; அம்மாவின் பட்டன் போன்தான் வீட்டில் இருந்தது. இப்படியே ஓராண்டு ஓடிவிட்டது.

அவர் கண்மூடிய இரவே பிளக்ஸ் அடிக்கப் படம் கேட்டார்கள். வேறு வழியின்றி ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். ஆதார் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ அதட்டி நிறுத்திவைத்தவரைப் போல் அதில் விழித்துக்கொண்டிருந்தார். ஊர் முகப்பில் பத்தடி உயரத்தில் அந்த முகம் நின்றது. துக்கத்திற்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கெழவி இப்பிடியா இருந்துச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். எனக்கு அழுகையைவிட வெட்கமே மிகுதியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்திற்காவது நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அப்பா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். முதலில் கையில் அகப்பட்டது அத்தை கல்யாண வீடியோ கேசட். அதில் அப்பாயி நிச்சயம் இருப்பார், பந்தியில் பரிமாறியிருப்பார். ஆனால் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கும் டெக் எங்கள் ஊரில் எவர் வீட்டிலும் இப்போது இல்லை. நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை வேறு. அதை அப்படியே திரும்ப வைத்தார். அதற்கும் அடியில், ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பம் ஒன்றும், ஸ்டூடியோவின் காகித உறை ஒன்றும் இருந்தன. உறைக்குள் நெகடிவ்கள்.

அவை 1998 சித்திரையில் எடுத்தவை. எங்கள் ஊரிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் மூன்று நாள் பயணமாக ஊட்டிக்குப் போயிற்று. தாத்தா, அப்பாயி, பெரியப்பா, அத்தை, அப்பா ஆகிய ஐவரும் அதில் போனார்கள். அப்பாவுக்கு அப்போது திருமணமாகவில்லை. கொத்தனார் ஒருவரிடம் கையாளாக இருந்தார். ஸ்டூடியோவிலிருந்து யாஷிகா கேமரா ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தார். 36 படம் கொண்ட வண்ணச் சுருள் ஒன்று. சுருள், கழுவும் கூலி, பிரிண்ட் எல்லாம் சேர்ந்து அந்நாளில் அவருடைய மூன்று நாள் கூலியை விழுங்கிவிட்டதாம். தாத்தா வைத சொற்களை அப்பா இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவற்றை இங்கே அச்சிட முடியாது.

நாளுக்குப் பன்னிரண்டு படம் என்பது திட்டம். முதல் நாள் தாவரவியல் பூங்காவிலேயே பதினேழு தீர்ந்துவிட்டது. மறுநாள் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரம் ஏறியும் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு படங்கள் வெறும் வெண்மை. அதன் பிறகு அப்பா கருமியாகிவிட்டார். பைக்காராவில் பஸ் டிரைவரும் வந்து நடுவில் நின்றபோது, "அண்ணே, கொஞ்சம் வெலகுங்க, இன்னும் நாலுதான் இருக்குது" என்று சொல்லி, அது பெரிய மனத்தாங்கலாகி, கடைசியில் டிரைவரைச் சேர்த்தே எடுத்திருக்கின்றார். அந்தப் படத்தின் பின்புறத்தில் அத்தை பந்துமுனைப் பேனாவால் எல்லோர் பெயரையும் எழுதி, டிரைவருக்கு மட்டும் "கோவக்காரர்" என்று எழுதிவைத்திருக்கின்றார். தாத்தா 2000-இல் இறந்துவிட்டார். நான் அவரைக் கண்டதில்லை. என் மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பைக்காராப் படத்தில்தான்.

இதற்கு எதிராக என் கணக்கையும் சொல்லிவிடுகின்றேன். சென்ற ஆண்டு இரவல் போன் ஒன்றுடன் தோழியரோடு தஞ்சைக்குப் போனேன். ஒரே பகலில் 412 படங்கள். பெரிய கோயில் விமானம் மட்டும் ஐம்பதுக்கு மேல். அவற்றில் ஒன்றையும் இதுநாள் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவோ இருபத்தைந்து ஆண்டு கழித்தும் ஒவ்வொரு படத்திற்கும் முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன நடந்தது என்று சொல்கின்றார். நினைவாற்றலில் அவர் என்னைவிட வல்லவர் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் கடைக்குப் போனால் பாதிப் பொருளை மறந்துவிட்டு வருபவர் அவர். ஒவ்வொரு முறை விசையை அழுத்துமுன்னும் அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஊட்டியைச் சொன்னதால் ஒரு செய்தி. பைக்காரா செல்லும் சாலையில்தான் இந்து நகர் இருக்கின்றது. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலை அங்கே இருந்தது. தூசும் வெப்பமும் குறைந்த மலைக்காற்று பிலிம் பூசும் தொழிலுக்கு ஏற்றது என்பதால் அந்த இடம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம்களும் அங்கிருந்து வந்தன. எங்கள் ஊர்ப் பஸ் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அப்பாவின் கேமராவுக்குள் இருந்ததோ அயல்நாட்டுச் சுருள். தொழிற்சாலை அப்போதே நலிவுற்றிருந்தது, பின்னர் மூடப்பட்டுவிட்டது. நம் மாநிலத்தின் மலையொன்றில் பிலிம் செய்தார்கள் என்பதே எங்கள் வகுப்பில் பலருக்குப் புதுச்செய்தியாக இருந்தது.

பெட்டிக்குத் திரும்புவோம். ஆல்பத்தில் ஒட்டியிருந்த பிரிண்டுகளைப் பிரித்தால் தோலோடு உரிந்து வந்தன. அப்பா ஒரு நெகடிவ் துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏஞ்சாமி, நீ படிக்கிற கெமிஸ்ட்ரில இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னிடம் வீட்டார் கேட்ட முதல் வேதியியல் கேள்வி அதுதான். "இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் படித்தேன்.

உப்புப் பகுப்பாய்வில் குளோரைடு சோதனைக்குச் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது தயிர் போன்ற வெண்வீழ்படிவு தோன்றுமே, அதைக் கழுவாமல் சன்னலோரம் வைத்துவிட்டு மதியம் வந்து பாருங்கள். ஊதா கலந்த சாம்பல் நிறமாகியிருக்கும். விரலில் பட்ட சில்வர் நைட்ரேட்டு மறுநாள் கறுத்திருப்பதை அறியாதவர் நம்முள் எவருமில்லை. புகைப்படம் என்பதே இந்தக் கறுப்பில்தான் நிற்கின்றது. (புகைக்கும் இதற்கும் என்ன உறவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, தமிழ்த்துறை நண்பர்கள் சொல்லட்டும்.) பிலிமின் மேல் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டவை சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் நுண்படிகங்கள். ஒளி பட்ட படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினாலே போதும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு, கழுவும் கரைசல் படிகம் முழுவதையும் வெள்ளியாக ஒடுக்கிவிடும். ஒளி படாத படிகங்களை ஹைப்போ கரைத்து வெளியேற்றும். இந்த ஹைப்போ, நாம் அயோடின் தரம்பார்த்தலில் பியூரெட்டில் நிரப்பும் அதே சோடியம் தயோசல்பேட்டுதான். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819-இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல். இருபது ஆண்டு கழித்து 1839-இல், எடுத்த படத்தை நிலைக்கச் செய்ய அதைப் பயன்படுத்தியவரும் அவரே. நெகடிவ், பாசிடிவ் என்ற பெயர்களும் அவர் இட்டவையே.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் முடிவில் எஞ்சுவது உலோக வெள்ளி. வண்ணப் பிலிமிலோ, வெள்ளி தன் வேலையை முடித்தவுடன் கரைத்து நீக்கப்படுகின்றது. எஞ்சுபவை மூன்று அடுக்குச் சாயங்கள். சாயம் கரிமச் சேர்மம். ஒளியாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதையும். நம் தாழ்வாரத்தில் பழைய படங்கள் தெளிவாக நிற்க, அவற்றுக்குப் பின்வந்தவை வெளிறிக் கிடப்பதன் காரணம் இதுதான். பெட்டி இருட்டில் கிடந்ததால் எங்கள் நெகடிவ் பிழைத்தது.

செல்போன் படத்திற்கும் அறிவியல் உண்டு. அதை நான் இழித்துரைக்கவில்லை. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தை ஒலிநாடாக் கேசட்டில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டதாம். அன்று முதல் இன்று வரை அந்த வகைப் படம் ஒவ்வொன்றையும் காண்பதற்கு அதற்கென்று ஒரு கருவி வேண்டும், மின்சாரம் வேண்டும், இப்போது கடவுச்சொல்லும் வேண்டும். அத்தையின் கல்யாணக் கேசட்டும் என் இறந்த செல்போனும் ஒரே சாதி. நெகடிவைப் பார்ப்பதற்கு அப்பாவுக்குத் தேவைப்பட்டது சன்னல் ஒன்றுதான். என் வாதத்தின் உயிர்நாடி இதுவே.

எனினும் பிலிமின் பெருமையைப் பாடும் பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த உறையில் இருந்த பிரிண்டுகள் 31. அவற்றில் எங்கள் தாத்தா பத்தொன்பது படங்களில் இருக்கின்றார். பெரியப்பா பதினான்கில் இருக்கின்றார். கோவக்கார டிரைவர்கூட இரண்டில் இருக்கின்றார். அப்பாயி எத்தனையில் தெரியுமா? மூன்று! ஒன்றில் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற நாற்பது பேரில் ஒரு தலை. இன்னொன்றில் படகுத்துறையில் முதுகைக் காட்டியபடி எல்லோருடைய பைகளையும் காத்துக்கொண்டிருக்கின்றார். மூன்றாவதில் தாத்தாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றார். குளிருக்குத் துண்டை முக்காடிட்டதில் மூக்கு மட்டுமே தெரிகின்றது. 36 என்று எண்ணி எடுக்கும்போது எண்ணிக்கைக்குள் யார் வருவார்கள், யார் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது குடும்பத்தில் முன்பே முடிவாகிவிடுகின்றது. அப்பாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோணலம்மா" என்றார். எங்கள் தெருவில் ஒரு சுருள்கூட வாங்காத வீடுகளே அன்று அதிகம். அந்த வீடுகளின் முன்னோருக்கு முகமே இல்லை. செல்போன் வந்த பிறகுதான் அப்பாயியைப் போன்றவர்களின் முகத்துக்கு நேரே ஒருவர் கேமராவைப் பிடித்தார். அந்த எண்ணூறையும் தொலைத்தவள் நான் என்பதால், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மூன்றில் ஒன்றும் சுவரில் மாட்டத் தகுந்ததாக இல்லை. நெகடிவ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, முதல் துண்டின் ஓரத்தில், 1 என்ற எண்ணுக்கு முன்னால், பாதி கருகிய கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டேன். சுருளைக் கேமராவில் மாட்டும்போது முன்பகுதியில் வெளிச்சம் பட்டுவிடும். அதைக் கடத்துவதற்காக மூடியபின் இரண்டு மூன்று முறை சும்மா அழுத்திச் சுற்றுவார்கள். அப்போது கேமரா எதைப் பார்க்கின்றது என்று எவரும் கவலைப்படுவதில்லை. அப்படி அழுத்திய ஒன்றில் பாதி தப்பிப் பிழைத்திருந்தது. கெட்டுப்போன கட்டம் என்று ஸ்டூடியோவில் அதைப் பிரிண்ட் போடவில்லை.

அதை எப்படிப் படமாக்கினோம் என்பதை விரும்புவோருக்காகச் சொல்கின்றேன். ஒரு செல்போன் திரையை முழு வெண்மையாக ஒளிரவிட்டு, அதன் மேல் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து, அவற்றின் மேல் டிரேசிங் தாள் பரப்பி, தாளின் மேல் நெகடிவை வைத்தோம். திரைக்கு மேல் நேராக வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழுந்துவிடும். இன்னொரு போனால் மேலிருந்து எடுத்து, கணினி அறிவியல் தோழியின் உதவியால் நிறங்களைத் தலைகீழாக்கினோம். படம் முழுவதும் நீலம் பாரித்து வந்தது. வண்ண நெகடிவின் ஆரஞ்சு நிறம் கறையன்று. சாயங்களின் குறையை ஈடுகட்டச் செய்பவர்களே சேர்ப்பது. அதைத் தலைகீழாக்கினால் நீலமாகத்தானே வரும்? அந்த நீலத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தோம்.

அப்பாயி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பயணத்துக்குக் கட்டிய புளிச்சோற்று மூட்டை மடியில். 1998-இல் அவருக்கு முன்பற்கள் எல்லாம் இருந்தன. அப்பா கேமராவோடு படும் பாட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் முழுவதும் வெளிச்சத்தில் எரிந்து வெண்மையாகி, ஓரத்தில் செம்மஞ்சள் நிறம் அவர் தோள்வரை வந்து நின்றுவிட்டது. கருகிய பாதியை வெட்டிவிடலாமா என்று ஸ்டூடியோவில் கேட்டார்கள். வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

எண்ணி எடுப்பதன் சிறப்பைச் சொல்லவந்த என் வாதத்துக்கு எண்ணாமல் எடுத்த இந்தப் படம் சிறிது இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் இதே படம் செல்போனில் விழுந்திருந்தால் அடுத்த நொடியே அழிந்திருக்கும். நானே அழித்திருப்பேன். பிலிமில் அழிக்கும் வசதி இல்லாததால் 26 ஆண்டுகள் எவரும் பார்க்காமலேயே அது இருந்தது.

இப்போதெல்லாம் நம் நண்பர்கள் சிலர் செல்போன் படத்துக்குப் போலிப் பழுப்பும் புள்ளிகளும் சேர்த்து, மூலையில் ஆரஞ்சு எழுத்தில் '98 என்று தேதியும் பதித்துக்கொள்கின்றார்கள். அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் அதுவும் அந்தப் போனுக்குள்ளேயேதான் கிடக்கின்றது. உண்மையான பிலிம் இன்றும் கிடைக்கின்றது. அமெரிக்காவின் ராசெஸ்டரில் கோடாக் சுருள்களும், இங்கிலாந்தில் இல்போர்டு கறுப்பு வெள்ளைச் சுருள்களும் செய்யப்படுகின்றன. விலைதான் கசக்கின்றது, ஒரு சுருளின் விலை எங்கள் வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் செலவைவிட அதிகம். வீட்டுக்கு வீடு பிலிம் வாங்குங்கள் என்று நான் சொன்னால் அது பொருந்தாப் பேச்சு. ஆண்டுக்கு 36 படம் என்று செல்போனிலிருந்தே தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி, ஒட்டும் ஆல்பத்தில் வைக்காமல் காகித உறையில் வையுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பைகளைக் காத்துக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள்.

துறைக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்குக் கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று வாங்க எங்கள் வகுப்பில் பதினொரு பேர் பணம் போட்டிருக்கின்றோம். அப்பா கேமரா வாடகைக்கு எடுத்த ஸ்டூடியோக்காரரின் மகன், அலமாரியில் தூங்கும் யாஷிகாவை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். சுருளை நம் ஆய்வகத்திலேயே கழுவ முடியும். டி-76 என்ற புகழ்பெற்ற கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் போதும். மெட்டால் ஒன்று தவிர மற்றவை நம் அலமாரியில் இருக்கின்றன, ஹைப்போ ஏராளம். பயன்படுத்திய ஹைப்போவைத் தொட்டியில் ஊற்ற மாட்டோம். துத்தநாகத் தூள் இட்டு அதிலுள்ள வெள்ளியை மீட்டுத் தருகின்றோம். செய்முறைத் தேர்வுக்கு வைத்திருக்கும் சில்வர் நைட்ரேட்டைத் தொட மாட்டோம் என்றும் உறுதி கூறுகின்றோம்.

இயற்பியல் துறையின் பழைய கையிருப்புப் பதிவேட்டில் "என்லார்ஜர் - 1" என்று ஒரு பதிவு இருக்கின்றது. அது இப்போது எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. தெரிந்த பேராசிரியர்களோ முன்னாள் மாணவர்களோ இதைப் படித்தால் துறை அலுவலகத்தில் சொல்லி உதவ வேண்டுகின்றோம். கிடைத்தால், இவ்வாண்டுக் குழுப்படத்தை நாங்களே பிரிண்ட் போட்டு, 2018-க்கு அடுத்த ஆணியில் மாட்டிவிடுவோம்.